காமிக்ஸ் சேகரிப்பு: இப்போதே விற்பதா, விலை ஏறட்டும் என்று காத்திருப்பதா?

கேள்வி: எனக்கு 59 வயது. திருநெல்வேலி மாவட்டத்தில் அரசுப் பணி. அடுத்த வருடம் ஓய்வு. பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்த காமிக்ஸ் சுமார் 1,100 இருக்கின்றன. முத்து, லயன், திகில், மினி லயன், ராணி காமிக்ஸ், கொஞ்சம் இந்திரஜால், அப்புறம் 2012க்குப் பிறகு வந்த வண்ணப் புத்தகங்கள். இவை தவிர, என் மச்சான் 90களில் நியூஜெர்சியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அமெரிக்க இதழ்கள் ஒரு பெட்டி. 2021இல் கோவைக்காரர் ஒருவர் தமிழ்ப் புத்தகங்களை மட்டும் ஒன்றரை லட்சத்துக்குக் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. இப்போது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் வேண்டும். சின்ன வீட்டுக்கு மாறவும் போகிறோம். பழைய புத்தக வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு மொத்தமாக 55,000 என்கிறார். இன்னொருவர் 40 புத்தகங்களுக்கு மட்டும் பட்டியல் போட்டு 22,000 தருகிறேன் என்கிறார். மார்க்கெட் டல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டு வருடம் பொறுத்தால் பழைய விலை வருமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: வராது என்றுதான் நினைக்கிறேன், சார். உங்களுக்குப் பணத்தேவை இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதற்காக நாளைக்கே 55,000க்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். கையில் மூன்று நான்கு மாதம் இருந்தால் அந்த வியாபாரி சொன்னதைவிடக் கூடுதலாகப் பார்க்கலாம். அதற்குக் கொஞ்சம் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, எது எந்த வருடம் வாங்கியது என்று தெரிந்த நீங்கள்தான் அதற்குச் சரியான ஆள்.

முதலில் அந்த ஒன்றரை லட்சத்தைப் பேசி முடித்துவிடுவோம். உங்கள் முழுக் கடிதத்தில் அது நான்கு இடத்தில் வருகிறது. 2021 என்பது தனி ரகமான காலம். ஊரடங்கில் வீட்டோடு கிடந்தவர்கள், செலவுக்கு வேறு வழியில்லாமல், சிறுவயதில் தொலைத்ததை எல்லாம் தேடித் தேடி வாங்கினார்கள். அமெரிக்காவிலும் இதேதான் நடந்தது. 2020, 2021இல் பழைய காமிக்ஸ் விலை கண்டபடி ஏறியது; 2022இலிருந்து இறங்க ஆரம்பித்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் அங்கேயும் இன்று கையைப் பிசைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இன்னொன்று, அந்தக் கோவைக்காரர் பணத்தை எண்ணி மேஜையில் வைத்தாரா, இல்லை போனில் சொன்னாரா? போனில் சொல்லும் தொகையில் இருபது முப்பது சதவீதம் நேரில் வந்து அட்டையைத் திருப்பிப் பார்க்கும்போது கழிந்துவிடும். ஆக நீங்கள் இழந்ததாக நினைக்கிற ஒன்றரை லட்சம் அன்றைக்கே ஒன்றேகால் லட்சத்துக்குள்தான் முடிந்திருக்கும்.

காத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், வாங்குகிற ஆட்களின் வயது. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தபோது பத்து வயதில் இருந்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. 1984 ஜூலையில் ஒரே மாதத்தில் லயனும் ராணி காமிக்ஸும் கிளம்பின. அன்றைக்குக் கடையில் தொங்கிய இதழை அண்ணாந்து பார்த்த பையன்களுக்கு இன்று ஐம்பதுக்கு மேல். கையில் காசு புரண்டு, வீட்டுக்கடனை முடித்து, பழைய இதழைத் துரத்தியவர்கள் இவர்கள்தான். இப்போது ஓய்வு, மருத்துவச் செலவு, வீடு மாற்றம் என்று இவர்களே ஒவ்வொருவராக விற்கிற பக்கம் வந்து நிற்கிறார்கள். உங்களைப் போலவே. வாங்குகிற பக்கத்தில் அந்த இடத்துக்கு அடுத்த ஆள் வரவில்லை. இருபத்தைந்து வயதுப் பையனுக்குக் காமிக்ஸ் பிடிக்காமல் இல்லை. அவன் ஜப்பானிய மங்கா வாங்குகிறான். பழைய முத்து நாயகர்களான லாரன்ஸ், டேவிட், ஜானி நீரோ என்றால் அவனுக்கு யாரென்றே தெரியாது. பொருளாதாரம் சரியானால் திரும்பிவிடுகிற மந்தம் இல்லை இது. இரண்டு வருடம் கழித்து உங்களைப் போல இன்னும் பத்துப் பேர் விற்க வந்திருப்பார்கள், வாங்குகிறவர்களில் பத்துப் பேர் குறைந்திருப்பார்கள்.

இதற்கு மேல் மறுபதிப்பு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பழைய கதைகள் திரும்பத் திரும்ப அச்சில் வந்ததால்தான் தமிழில் காமிக்ஸ் என்ற ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் விற்கிறவருக்கு அதன் கணக்கு வேறு. நல்ல உதாரணம், XIII என்ற பிரெஞ்சு மொழி காமிக்ஸ் தொடரின் தமிழாக்கமான இரத்தப் படலம். 18 பாகங்களையும் ஒரே கறுப்பு வெள்ளைத் தொகுப்பாக 2010இல் போட்டார்கள். தலையணை கனம். கையிருப்பு தீர்ந்ததும் அதற்கு வைத்த விலைகளைக் கேட்டு எனக்கே தலை சுற்றியது. 2018இல் அதுவே வண்ணத்தில் தொகுப்பாக வந்தது. கதையைப் படிக்க வேண்டும் என்பதற்காகத் தேடியவர்கள் எல்லோரும் அதை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் புத்தகமேதான் வேண்டும் என்கிற சிறு கூட்டம் மட்டும் மிஞ்சியது. மாயாவி கதைகளுக்கும் இதே நிலைமை. காமிக்ஸ் கிளாசிக்ஸ் வரிசையில் ஒருமுறை, அப்புறம் முத்து மறுபதிப்பாக ஒருமுறை என்று வந்தாகிவிட்டது. கதைக்காக வாங்குகிறவர் நூறு பேர் என்றால் முதல் பதிப்புக்காக வாங்குகிறவர் மூன்று நான்கு பேர் இருந்தால் அதிகம். அந்த மூன்று நான்கு பேர் நல்ல விலை கொடுப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் அவர்களில் இரண்டு பேரிடம் அந்த இதழ் ஏற்கெனவே இருக்கும்.

சரி, விலையை எப்படித் தெரிந்துகொள்வது? இணையத்தில் பார்த்த விலைகளை ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதில் இருப்பதெல்லாம் கேட்கிற விலை. ஒரு லயன் தீபாவளி மலருக்கு 4,000 என்று போட்டு, அதே படம் எட்டு மாதமாக அங்கேயே கிடக்கிறது என்றால், அந்த 4,000 விலையே இல்லை, விற்பவரின் ஆசை. ஃபேஸ்புக் குழுக்களில் இன்னும் சிக்கல். 'விலை இன்பாக்ஸில்' என்பார்கள், மறுநாள் 'விற்றாகிவிட்டது' என்பார்கள், என்ன விலைக்குப் போனது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒன்று செய்யலாம். உங்களிடம் இருக்கிற இதழையே வேறொருவர் விற்கப் போட்டிருந்தால், வாங்குகிறவராகப் போய் விலை விசாரியுங்கள். 'கடைசி விலை என்ன?' என்று கேட்டால் அவர் எவ்வளவு வரை இறங்குகிறாரோ அதுதான் இன்றைய மார்க்கெட். ஏழெட்டு இதழுக்கு இப்படி விசாரித்தாலே உங்கள் பட்டியலின் போக்கு பிடிபட்டுவிடும்.

அடுத்து, புத்தகத்தின் நிலைமை. பலரும் 'நல்ல கண்டிஷன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சேகரிப்பவர் எப்படிப் பார்ப்பார் தெரியுமா? 80களின் லயன் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முதுகு. பின் அடித்த இடத்தில் துருப்பிடித்து, அந்தத் துரு தாளில் காப்பி நிறத்தில் இறங்கியிருக்கிறதா? நடுப்பக்கத் தாள் பின்னை விட்டுக் கழன்றிருக்கிறதா? அடுத்து அட்டையின் சிவப்பு. வெயில் பட்ட அட்டையில் சிவப்புதான் முதலில் போகும். நீலம் தாங்கும். அட்டையின் உள்பக்கத்தில் பையனின் பெயர், வகுப்பு, 'இந்தப் புத்தகத்தைத் திருடினால் கண் போகும்' என்ற சாபம் எல்லாம் இருந்தால் விலை கொஞ்சம் குறையும், ஆனால் போகாது. வாடகை நூலக முத்திரை இருந்தால் இன்னும் குறையும். கூப்பன், போட்டி விடைத்தாள், படம் எதையாவது கத்தரித்து எடுத்திருந்தால் அது பாதிப் புத்தகம். அதைச் சொல்லாமல் விற்றால் திரும்பி வரும், பேரும் கெடும். கடைசியாக, பக்கங்களை விசிறிவிட்டு மோந்து பாருங்கள். இரும்புப் பெட்டியில் ஈரவாடை பிடித்திருந்தால் பக்கத்தில் இருக்கிற புத்தகத்துக்கும் அது தொற்றும். அப்படிப்பட்டவற்றை இன்றே தனியாக எடுத்து, வெயிலில் இல்லாமல் காற்றோட்டமான நிழலில் வையுங்கள்.

இதெல்லாம் மலிவான செய்தித்தாள் ரகக் காகிதம். மரக்கூழில் இருக்கிற லிக்னினும் அமிலமும் சேர்ந்து, நீங்கள் தொடாவிட்டாலும் அதைப் பழுப்பாக்கிக்கொண்டேதான் இருக்கும். காத்திருப்பதில் இந்தச் செலவும் இருக்கிறது. அழகாக்குகிறேன் என்று எதுவும் செய்துவிடாதீர்கள். கிழிந்த முதுகுக்கு செல்லோடேப் ஒட்டுவது, ஓரத்தை வெட்டிச் சீராக்குவது, அட்டையை லேமினேஷன் செய்வது, இஸ்திரி போடுவது (நிஜமாகவே செய்திருக்கிறார்கள்) எல்லாமே விலையைக் குறைக்கிற காரியங்கள். பைண்டு செய்து வைத்த தொகுதிகள் உங்களிடம் பதினொன்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பைண்டிங் செய்பவர் ஓரம் வெட்டியிருப்பார், பல நேரம் அட்டையையே கழற்றிப் போட்டிருப்பார். பிரித்தால் இருப்பதும் போய்விடும். படிப்பதற்கென்றே வாங்குகிற ஆள் இருக்கிறார். அவரிடம் தொகுதியாகவே கொடுங்கள்.

இனி பிரிக்கிற வேலை. முதல் அடுக்கு, தனித்தனியாக விலை போகக்கூடியவை. முத்துவின் முதல் நூறு இதழ்களில் அட்டை கெடாதவை, லயனின் ஆரம்ப வருடங்கள், கோடை மலர், தீபாவளி மலர் மாதிரியான குண்டு ஸ்பெஷல்கள், சீக்கிரமே நின்றுபோன திகில், மினி லயன் வரிசைகளில் நல்ல பிரதிகள். இங்கே ஒரு எச்சரிக்கை. முத்து என்று நினைத்து வைத்திருப்பது பிற்காலத்து காமிக்ஸ் கிளாசிக்ஸ் மறுபதிப்பாக இருக்கலாம். அட்டையையும் உள்ளே இருக்கிற வெளியீட்டு எண்ணையும் பார்த்துத்தான் அடுக்கில் வையுங்கள். பொன்னி, மேத்தா மாதிரிச் சின்னப் பெயர்களில் வந்தவை ஏதாவது இருந்தால் அதையும் இங்கேயே வையுங்கள். அவற்றைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் மறுபதிப்பு என்ற போட்டி அவற்றுக்குக் கிடையாது. என் கணிப்பில், நீங்கள் அனுப்பிய படங்களையும் பட்டியலையும் வைத்துப் பார்த்தால், இந்த அடுக்கில் எண்பது தொண்ணூறு புத்தகம் தேறும். 1,100இல் அவ்வளவுதான். மனம் சங்கடப்பட வேண்டாம், பெரிய சேகரிப்புகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது அடுக்கு, வரிசையாக இருப்பவை. தனியாக முப்பது ரூபாய்க்கு யாரும் சீந்தாத ராணி காமிக்ஸ் இதழ், ஒரு முழு வருடம் விடுபடாமல் இருந்தால் ஆள் தேடி வரும். 2005இல் ஐந்நூறாவது இதழை ஒட்டி நின்றுபோன வரிசை அது. தினத்தந்தி வலைப்பின்னல் வழியே மூலை முடுக்குப் பெட்டிக்கடை வரை போனதால் அச்சடித்தது அதிகம், ஆனால் படித்துவிட்டுத் தூக்கிப்போட்டவர்களும் அதிகம். உங்களிடம் 87இலும் 91இலும் இரண்டிரண்டு இதழ்தான் விடுபட்டிருக்கின்றன. அந்த நான்கையும் யாரிடமாவது மாற்றி வாங்கி வரிசையை முடித்துவிடுங்கள். நூறு இருநூறு ரூபாய்ச் செலவு, விலையில் பேசும்.

மூன்றாவது, 2012 ஜனவரியில் வந்த லயன் கம்பேக் ஸ்பெஷல் தொடங்கிச் சந்தாவில் வாங்கிய வண்ணப் புத்தகங்கள். இவற்றைச் சேகரிப்புப் பொருளாக நினைக்காமல் நல்ல நிலையில் இருக்கிற புத்தகமாக நினைத்து விற்க வேண்டும். இடையில் சந்தாவை நிறுத்திவிட்டு மறுபடி வந்த வாசகர்களுக்கு விட்டுப்போன வருடங்கள் வேண்டும். பதிப்பகத்தில் கையிருப்பு இருக்கிற தலைப்பு என்றால் போட்டிருக்கிற விலைக்குக் கீழேதான் போகும். கையிருப்பு இல்லாதது என்றால் அந்த விலையோ, சற்று மேலேயோ கிடைக்கும். கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் கதைகளைத் தனியாகக் கட்டி வையுங்கள்; அவருக்கென்றே ஒரு கூட்டம் உண்டு, அவர்களுக்கு மந்தமாவது ஒன்றாவது. மீதி எல்லாம், கிழிந்தது, இரட்டைப் பிரதி, நடுவில் பக்கம் இல்லாதது, கடைசி அடுக்கு.

இப்போது உங்கள் 40 புத்தகக்காரர். 22,000 என்றால் புத்தகத்துக்கு 550. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலை நான் பார்த்தேன். முதல் அடுக்கின் தலைப்பகுதியை அப்படியே வழித்து எடுத்துக்கொண்டிருக்கிறார். விவரம் தெரிந்த ஆள். அந்த நாற்பதும் போனபிறகு வியாபாரியைக் கூப்பிட்டால் அவர் 55,000 தரமாட்டார். முப்பதோ முப்பத்தைந்தோ என்பார். கூட்டிப் பாருங்கள், 52,000 முதல் 57,000. முன்பு சொன்ன அதே தொகைக்கு இரண்டு தடவை அலைந்திருப்பீர்கள், அவ்வளவுதான். ஆகவே அவரை விட்டுவிடாதீர்கள், ஆனால் பட்டியலை அவர் விருப்பத்துக்கே விடவும் வேண்டாம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். எதில் அவருக்கு உண்மையான பசி என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அந்தப் பத்துப் பதினைந்து புத்தகங்களுக்கு உங்கள் விலையைச் சொல்லுங்கள். நாற்பதையும் வேண்டுமென்றால், கூடவே இரண்டாம் அடுக்கில் ஒரு வரிசையையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பேசுங்கள். முதல் அடுக்கில் மீதி இருப்பதை இன்னும் இரண்டு பேரிடம் காட்டாமல் விற்கக் கூடாது. போட்டி இல்லாத மார்க்கெட்டில் விலையைத் தீர்மானிப்பது வாங்குகிறவர்தான்.

வியாபாரியைப் பற்றிக் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். 'அடிமாட்டு விலை' என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புத்தகத்துக்கு 50 ரூபாய் சராசரி. அதில் ஐந்நூறு புத்தகம் அவர் கடையில் வருடக்கணக்கில் தூசி தின்னும். கரையான், மழை, கடை வாடகை, பேரம் பேசுகிற வாடிக்கையாளர் எல்லாம் அவர் பாடு. எந்தப் பழைய புத்தக வியாபாரியும் தான் விற்க நினைக்கிற விலையில் மூன்றில் ஒரு பங்கு, மனது வைத்தால் பாதி தருவார். அதற்கு மேல் கொடுத்தால் அவர் கடையைச் சாத்த வேண்டியதுதான். முதல் மூன்று அடுக்குகளை நீங்கள் விற்றபிறகு கடைசி அடுக்கைச் சுமந்துகொண்டு போகப்போகிறவர் அவர்தான். பகைத்துக்கொள்ள வேண்டாம். 'கொஞ்சம் நாள் கொடுங்கள், பிரித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்' என்று சொல்லி வையுங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் மொத்தத்தில் எண்பதாயிரத்தை ஒட்டி வரலாம் என்று நினைக்கிறேன். தொண்ணூறு வந்தால் கெட்டிக்காரர் என்பேன்.

மச்சானின் அமெரிக்கப் பெட்டிக்கு வருவோம். சூப்பர்மேன் முதல் கதை வந்த இதழ் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போன செய்தியை உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். செய்தி உண்மைதான், 2024இல் நடந்தது. ஆனால் அது 1938இல் பத்து சென்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ். யாரும் பாதுகாக்கவில்லை, மிஞ்சியது நூறு பிரதி அளவில்தான். 90களின் கதை நேர் எதிர். அப்போது காமிக்ஸ் வாங்கினால் பணக்காரனாகலாம் என்று அமெரிக்காவே நம்பியது. 1991இல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் ஐந்து விதமான அட்டையில், 80 லட்சம் பிரதிக்கு மேல் போனது. 1992 கடைசியில் சூப்பர்மேன் சாகிற இதழைக் கறுப்புப் பையில் போட்டு விற்றார்கள்; வரிசையில் நின்று வாங்கி, பையைக்கூடப் பிரிக்காமல் பரணில் வைத்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எதுவுமே அரிதாகவில்லை. சந்தை சரிந்து, 1996இல் மார்வெல் நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. உங்கள் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் அந்தக் காலத்துச் சரக்கு.

தூக்கிப்போடுவதற்கு முன் மூன்றை மட்டும் தேடிப் பாருங்கள். நியூ மியூட்டன்ட்ஸ் 98ஆம் இதழ், டெட்பூல் என்ற பாத்திரம் முதலில் தலைகாட்டியது. அமேஸிங் ஸ்பைடர்மேன் 361, கார்னேஜ் முழுதாக வந்த முதல் இதழ். பேட்மேன் அட்வென்சர்ஸ் 12, ஹார்லி குவின் காமிக்ஸுக்குள் நுழைந்தது. இவற்றில் ஏதாவது ஒன்று சுத்தமாக இருந்தால் அந்தப் பெட்டிக்கே அதுதான் விலை. அமெரிக்காவுக்கு அனுப்பி, சிஜிசி மாதிரி நிறுவனத்தில் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் வாங்கி, பிளாஸ்டிக்கில் அடைத்து விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போக வர அனுப்பும் செலவும் அவர்கள் கட்டணமும் சேர்ந்தால், மேலே சொன்ன இதழ் அப்பழுக்கில்லாமல் இருந்தாலொழியக் கட்டுபடியாகாது. மச்சான் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அந்த மூன்றையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மீதியை மொத்தமாக, ஆங்கில காமிக்ஸ் படிக்கிற கல்லூரிப் பையன் யாருக்காவது. சென்னையில் 2024இலிருந்து காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழா நடக்கிறது. அங்கே வருகிற கூட்டத்துக்கு இது பிடிக்கும், கொண்டுபோகிற செலவுக்குத் தேறுமா என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் புத்தகத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, ஆகஸ்டில் ஈரோடு, இரண்டு இடத்திலும் காமிக்ஸ் வாசகர்கள் கூடுகிறார்கள். அங்கே போய் மூட்டையை அவிழ்க்கச் சொல்லவில்லை. முதல் அடுக்குப் பட்டியலை நான்கு தாளில் அச்செடுத்துக்கொண்டு போய், ஆட்களை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். முகம் தெரிந்த ஆளிடம் விலை பேசுவது போனில் பேசுவதைவிட எப்போதும் நல்லது.

பணம் விஷயத்தில் கறாராக இருங்கள். பணம் கணக்கில் விழுந்தபிறகுதான் பார்சல். 'அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள்' என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வருவதற்கு நீங்கள் பின் நம்பர் போட வேண்டிய அவசியமே கிடையாது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் முன் அட்டை, பின் அட்டை, முதுகு, ஏதாவது கிழிசல் என்று படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். குறையை நீங்களே முந்திச் சொல்லிவிட்டால் பேரத்துக்கு அவரிடம் ஒன்றும் இருக்காது. கட்டும்போது புத்தகத்தைவிடப் பெரிய அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மூலைகள் மடங்காமல் கட்டுங்கள். ரப்பர் பேண்டு வேண்டாம், வெயில் காலத்தில் உருகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும்.

நன்கொடை பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதலில் கட்டணம், அப்புறம் தர்மம். ஆனால் யாருக்கும் விலை போகாத, வேறெங்கும் பார்க்கமுடியாத சின்ன வெளியீடு ஏதாவது மிஞ்சினால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களிலிருந்து பிறந்த நூலகம் அது. அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறதா, வேண்டுமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். கேட்காமல் மூட்டை அனுப்புவது உதவியாகாது.

எதையாவது வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக. சின்ன வீட்டிலும் ஒரு அலமாரித் தட்டுக்கு இடம் இருக்கும். ஒரு தட்டு என்றால் ஒரு தட்டுதான், அதில் எது நிற்கும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு யோசனை: நினைவுக்காக வைத்துக்கொள்வது கிழிந்த பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை. நல்ல பிரதியை விற்றுவிட்டு, நீங்கள் எட்டாம் வகுப்பில் பெயர் எழுதிய பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்டில் விலை குறைவது அதற்குத்தான்.

நாற்பது புத்தகக்காரருக்கு இந்த வாரமே பதில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் வேறு பக்கம் போய்விடுவார். முதல் அடுக்கைப் பிரித்து முடித்ததும் பட்டியலை எனக்கு அனுப்பினால், இடம் மாறி நிற்பது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். வெளியீட்டு எண்ணை மறக்காமல் எழுதுங்கள். தலைப்பு மட்டும் இருந்தால் எந்தப் பதிப்பு என்று என்னால் சொல்லமுடியாது.